சுங்கப் பாலம்: ஆற்றைக் கடக்க யார் காசு கொடுப்பது?

போன மாதம் அக்கா குடும்பத்தோடு நாகர்கோவில் போய்விட்டு நாலுவழிச் சாலையில் திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். டோல்கேட்டில் கார் மெதுவாக நகர்ந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டாகை மேலே இருந்த கருவி படித்ததும் குறுக்குக் கம்பு உயர்ந்தது. அடுத்த நிமிடமே பணம் கழிந்த செய்தி என் போனுக்கு வந்துவிட்டது. பின் சீட்டில் இருந்த அக்கா மகன் அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, ரோட்டுல போறதுக்கு ரூவா எடுக்காவல்லா, நம்ம ஆத்துப் பாலத்துல மட்டும் ஏன் கேக்க மாட்டுக்காவ?"

அவன் சொன்னது, தாமிரபரணியின் குறுக்கே திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற பழைய பாலத்தை. ஏழாம் வகுப்புப் பையன் கேட்ட கேள்விதான். ஆனால் பாலங்களின் வரலாற்றில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அவனுக்கு அன்று காரில் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பாலத்தைப் பற்றி முன்பின் எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் ஒரு சொல். ஆற்றையோ கழியையோ கடக்க ஒரு பாலம் கட்டி, அதில் போகிறவர்களிடம் ஒவ்வொரு தடவையும் ஒரு தொகை வாங்கினால் அது சுங்கப் பாலம். நாம் பேச்சில் டோல் பாலம் என்கிறோம். இந்த வசூல் நமக்குப் புதிதல்ல. வணிகப் பொருளுக்கு வாங்கும் சுங்கத்துக்குப் பழந்தமிழில் 'உல்கு' என்று பெயர். முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பட்டமே உண்டு. சுங்கத்தை நீக்கிய ஒரு அரசனை அந்தச் செயலின் பெயராலேயே நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அது மக்களை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பாலத்துச் சுங்கத்துக்கு இன்னொரு மூதாதையும் உண்டு. அது ஓடக்கூலி. பாலம் இல்லாத காலத்தில் ஆற்றைக் கடக்க ஓடக்காரருக்குக் காசு கொடுத்தார்கள். அக்கரை போக ஒரு காசு, இக்கரை வர ஒரு காசு. பிறகு அதே இடத்தில் பாலம் வந்தபோது, "இவ்வளவு நாள் படகுக்குக் கொடுத்ததை இனிமேல் பாலத்துக்குக் கொடு" என்று கேட்பது எளிதாக இருந்தது. உலகத்தின் பல ஊர்களில் டோல் பாலம் வந்த வழி இதுதான்.

நம் ஊரிலும் அப்படியே நடந்திருக்கலாம். 1840 வரை திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைக் கடக்கப் படகுதான். இந்தப் பக்கம் கோயிலும் கடைத்தெருவும், அந்தப் பக்கம் கோட்டையும் வெள்ளைக்காரர்களின் அலுவலகங்களும். கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர், வைத்தியம் பார்க்கப் போகிறவர் எல்லோரும் கொக்கிரகுளத்துப் படகுத்துறையில் காத்துக்கிடக்க வேண்டும். படகில் இடம் பிடிக்க அங்கே சண்டையும் அடிதடியும் நடந்திருக்கின்றன. ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் படகும் கிடையாது. இரட்டை நகரம் என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். அன்றைக்கு அது ஆறு வெட்டிப்போட்ட இரண்டு ஊர்.

சரி, பாலம் கட்ட வேண்டியதுதானே? அங்கேதான் செலவு குறுக்கே நிற்கிறது. பாலம் ஏன் அவ்வளவு செலவு பிடிக்கும் சமாசாரம் என்பது புரிந்தால்தான் சுங்கத்தின் கதை புரியும்.

வளைவு எப்படி நிற்கிறது?

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இரண்டு செங்கலை எட்ட எட்ட வைத்து, அவற்றின் மேல் ஒரு மெல்லிய பலகையைப் போடுங்கள். பலகையின் நடுவில் கையை வைத்து அழுத்தினால் அது கீழ்நோக்கி வளையும். அப்போது பலகையின் மேல்பக்கம் நெருக்கப்படுகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. மரம் இழுவிசையைத் தாங்கும். கல் தாங்காது. கல்லை எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்கலாம், ஆனால் இழுத்தால் பட்டென்று விட்டுப்போகும். அதனால்தான் பழைய கோயில் மண்டபங்களில் தூண்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன. மேலே கிடக்கும் கல் உத்தரம் நீளமானால் தன் எடையிலேயே முறிந்துவிடும்.

அப்படியானால் கல்லையும் செங்கல்லையும் வைத்து அகலமான இடைவெளியை எப்படித் தாண்டுவது? இன்னொரு சோதனை. பத்து நோட்டுப் புத்தகங்களை வரிசையாகச் சேர்த்து, இரண்டு முனையிலும் உள்ளங்கையை வைத்து இறுக்கி அழுத்தி, அப்படியே மேலே தூக்குங்கள். பசை இல்லை, கயிறு இல்லை, ஆனாலும் நடுவில் உள்ள நோட்டு விழாது. இரண்டு பக்கத்து அழுத்தம் அதைப் பிடித்துக்கொள்கிறது. கையின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் எல்லாம் கொட்டிவிடும்.

வளைவுப் பாலம் என்பது இதுதான். கற்கள் வளைவாக அடுக்கப்படும்போது, மேலே போகிற வண்டியின் எடையும் கற்களின் எடையும் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நெருக்கும் விசையாகவே கைமாறிக் கைமாறி இரண்டு முனைக்கும் வந்து சேர்கின்றன. எந்தக் கல்லும் இழுபடுவதில்லை. ஆனால் அந்த இரண்டு உள்ளங்கை வேலையை யாராவது செய்தாக வேண்டும். வளைவின் முனைகள் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கரையில் பருத்த சுவரைக் கட்டி அந்தத் தள்ளலைத் தாங்குகிறார்கள். ஆற்றின் நடுவில் உள்ள தூண்களுக்கு அவ்வளவு பயமில்லை. இடப்பக்க வளைவு வலப்பக்கமாகத் தள்ளும், வலப்பக்க வளைவு இடப்பக்கமாகத் தள்ளும், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். இதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு வளைவு விழுந்துவிட்டால் பக்கத்து வளைவுக்கு எதிர்த் தள்ளல் இல்லாமல் போய், அதுவும் ஆட்டம் காணும்.

இன்னொரு சிக்கல், கட்டும்போது. உச்சியில் கடைசிக் கல் உட்காரும் வரை வளைவு தானாக நிற்காது. அதுவரை கீழே மரச்சாரம் கொடுத்துத் தாங்க வேண்டும். இன்று வீட்டுக்குக் கூரை வார்க்கும்போது 'சென்ட்ரிங்' அடிக்கிறோமே, அதேதான். வீட்டில் சென்ட்ரிங் முட்டு தரையில் நிற்கும். ஆற்றுப் பாலத்தில் அது தண்ணீரில் நிற்க வேண்டும். அதுவும் தாமிரபரணியில்! வைகையைப் போல ஆண்டில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆறல்ல இது. பொதிகை மலையில் ஆனி ஆடிச் சாரல் பிடித்தால் 'கார்' என்கிற நெல் போகத்துக்குத் தண்ணீர் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் 'பிசானம்' என்கிற அடுத்த போகத்துக்கு வரும். நடுவில் கிடைக்கும் கோடை மாதங்கள்தான் ஆற்றுக்குள் இறங்கி அடித்தளம் போட ஏற்ற காலம். அந்தச் சில மாதங்களுக்குள் முடிக்காததை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், அடுத்த கோடையில் மறுபடி தொடங்க வேண்டும். பாலத்தின் செலவில் கணிசமான பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்த அடித்தளத்திலும், வேலை முடிந்ததும் பிரித்தெடுக்கும் சாரத்திலும் போய்விடுகிறது. பிரமாதமாகத் தெரியும் வளைவுகளை மட்டும் பார்த்து நாம் செலவைக் கணக்கிடுகிறோம்.

நம் பாலத்துக்கு வரைபடம் போட்டவர் கேப்டன் ஹார்ஸ்லி என்ற ராணுவப் பொறியாளர். 11 வளைவுகள், ஒவ்வொன்றும் 60 அடி. பெருக்கிப் பார்த்தால் தண்ணீர் போக மட்டும் 660 அடி திறப்பு. பாதையின் அகலம் இருபத்தொன்றரை அடி. மாட்டு வண்டிக் காலத்துக்கு அது தாராளம். ஒவ்வொரு தூணின் முகப்பிலும் இரட்டைத் தூண்களாக அலங்காரம் வைத்தார்கள். ஆற்றங்கரையில் இறங்கி நின்று பார்த்தால் அது தெரியும், பாலத்தின் மேல் போகிறவர்களுக்குத் தெரியாது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். வாட்டர்லூ பாலத்தின் தூண்களிலும் அதேபோல இரட்டைத் தூண் அலங்காரம் இருந்தது. அந்த வாட்டர்லூ பாலம் ஒரு டோல் பாலம். அதன் கதையைக் கேட்டால் சுங்கம் என்றால் என்ன என்று ஏறக்குறைய முழுதாகவே புரிந்துவிடும்.

ஒரு பென்னியின் கதை

வாட்டர்லூ பாலத்தை அரசாங்கம் கட்டவில்லை. 1809இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, ஒரு தனியார் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. கம்பெனி பங்குகளை விற்றுப் பணம் திரட்டிப் பாலம் கட்டும், பிறகு போகிறவர்களிடம் சுங்கம் வாங்கிப் பங்குதாரர்களுக்கு லாபம் கொடுக்கும். இன்று நெடுஞ்சாலைகளில் 'கட்டு, நடத்து, ஒப்படை' என்ற முறையில் தனியார் கட்டுகிறார்களே, அதன் தாத்தா மாதிரி இது. பொறியாளர் ஜான் ரென்னி. 9 வளைவுகள், ஒவ்வொன்றும் 120 அடி, முழுக்கக் கருங்கல். நடுவில் திமில்போல் உயராமல் பாதை மட்டமாகவே போகும். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். 1817 ஜூன் 18ஆம் தேதி திறந்தார்கள். வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்ற இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் அது, அதனால்தான் அந்தப் பெயர்.

செலவு ஏறக்குறைய 10 லட்சம் பவுண்டு. நடந்து போகிறவருக்கு ஒரு பென்னி, அதாவது அந்த ஊர்ச் சில்லறைக் காசு ஒன்று, சுங்கம்.

ஒரு பென்னி என்ன பெரிய தொகையா என்று தோன்றும். கம்பெனியும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் மேற்கே போனால் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம், கிழக்கே போனால் பிளாக்ஃபிரையர்ஸ் பாலம், இரண்டிலும் சுங்கம் இல்லை. தினமும் வேலைக்குப் போய்வருகிற ஏழைக்குப் போக ஒரு பென்னி, வர ஒரு பென்னி. கால் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை என்று சுற்றி நடந்தார்கள். அழகான அந்தக் கருங்கல் பாலம் காலியாகக் கிடக்க, பக்கத்துப் பாலங்கள் பிதுங்கி வழிந்தன. பங்கு வாங்கியவர்கள் எதிர்பார்த்த லாபத்தைக் கடைசிவரை பார்க்கவில்லை. 1878இல் லண்டனின் பொதுப்பணி வாரியம் சுமார் 4,75,000 பவுண்டு கொடுத்துப் பாலத்தை வாங்கி, அக்டோபர் மாதம் சுங்கத்தை எடுத்துவிட்டது. விலையாகக் கிடைத்தது கட்டிய செலவில் பாதிகூட இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சுங்கம் இல்லாத வெஸ்ட்மின்ஸ்டர் பாலமும் வானத்திலிருந்து விழவில்லை. 1750இல் திறந்த அந்தப் பாலத்துக்கு லாட்டரிச் சீட்டு விற்றும் அரசாங்க மானியம் வாங்கியும் பணம் சேர்த்தார்கள். ஆக, எந்தப் பாலத்துக்கும் யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். வரியாக எல்லோரும் கொடுக்கலாம், சுங்கமாகக் கடக்கிறவர் கொடுக்கலாம், சீட்டு வாங்கி ஏமாந்தவர் கொடுக்கலாம், கொடையாக ஒருவரே கொடுக்கலாம்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்

சுங்கத் தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஒரு கற்பனைப் பாலத்தை வைத்துப் பார்க்கலாம். எண்களெல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

பாலத்துக்கு 100 கோடி ரூபாய் செலவு. மொத்தமும் கடன். வட்டி 8 சதவீதம், 20 ஆண்டில் அடைக்க வேண்டும். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை போடுவதுபோல் போட்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடியே 20 லட்சம் கட்ட வேண்டிவரும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு ஒரு கோடி. மொத்தம் 11 கோடியே 20 லட்சம். ஒரு நாளைக்கு 20,000 வண்டி போகும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 73 லட்சம் வண்டி. வகுத்தால் ஒரு வண்டிக்குப் பதினைந்தரை ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. நியாயமாகத்தான் தெரிகிறது.

இப்போது, எதிர்பார்த்த 20,000 வராமல் 10,000 வண்டிதான் வந்தது என்று வையுங்கள். வட்டி குறையாது, பராமரிப்பும் குறையாது. ஒரு வண்டிக்கு 31 ரூபாய் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். 31 ரூபாய் என்றதும் இன்னும் கொஞ்சம் பேர் சுற்றிப் போகிறார்கள், 7,000 வண்டிதான் மிச்சம். அப்போது 44 ரூபாய். இப்படியே போனால் எங்கே நிற்கும்? கட்டணம் ஏற ஏற ஆள் குறைகிறது, ஆள் குறையக் குறையக் கட்டணம் ஏற வேண்டியிருக்கிறது. வாட்டர்லூ பாலம் மாட்டிக்கொண்ட சுழல் இதுதான். பக்கத்தில் இலவசப் பாதை இருக்கிற டோல் பாலம் எதுவானாலும், எவ்வளவு வண்டி வரும் என்கிற கணிப்புதான் அதன் உயிர். கல்லும் இரும்பும் உறுதியாக இருந்தும் அந்தக் கணிப்புத் தவறியே பாலக் கம்பெனிகள் நொடித்திருக்கின்றன.

கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு 10 கோடியே 20 லட்சம் என்று 20 ஆண்டு கட்டினால் மொத்தம் 204 கோடி. அதாவது பாலத்துக்கு 100 கோடி, வட்டிக்கு அதைவிடக் கூடுதல். இது வெறும் தாள் கணக்கில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1937இல் திறந்த கோல்டன் கேட் பாலத்துக்கு அப்படியேதான் நடந்தது. 1930இல் அந்தப் பகுதியின் ஆறு மாவட்ட மக்கள் ஓட்டுப் போட்டு, 350 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிடச் சம்மதித்தார்கள். தங்கள் வீடுகளையும் பண்ணைகளையும் கடைகளையும் ஈடாக வைத்தார்கள். 1971இல் கடைசிப் பத்திரம் அடைந்தபோது, அசல் 350 லட்சம் டாலரோடு வட்டியாக மட்டும் ஏறத்தாழ 390 லட்சம் டாலர் கொடுத்திருந்தார்கள். எல்லாமே பாலத்தைக் கடந்தவர்கள் கொடுத்த சுங்கம்.

கடன் அடைந்ததே, அப்புறம் சுங்கத்தை எடுத்துவிட்டார்களா? இல்லை. இன்றும் வாங்குகிறார்கள். உப்புக் காற்று அடிக்கிற இரும்புப் பாலத்துக்கு ஓயாமல் வர்ணமும் பழுதுபார்ப்பும் வேண்டும், சுற்று வட்டாரப் பேருந்து, படகுப் போக்குவரத்துக்கும் அந்தப் பணம் போகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகப் பாலம் 1932இல் திறந்தபோது காருக்கு ஆறு பென்ஸ், குதிரையில் வருகிறவருக்கு மூன்று பென்ஸ் என்று வாங்கினார்கள். 1988இல் பாலத்தின் கடன் தீர்ந்தது. ஆனால் பக்கத்திலேயே கடலடியில் சுரங்கப்பாதை அமைக்கும் செலவுக்காகச் சுங்கம் தொடர்ந்தது. எந்தச் செலவுக்காகச் சுங்கம் தொடங்கியதோ அது தீர்ந்த பிறகும், வேறொரு செலவு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். சில சமயம் அதற்கு நல்ல காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கொடுக்கிறவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நகரப் பாலமும் நெடுஞ்சாலையும் ஒன்றா?

நாலுவழிச் சாலையில் சுங்கம் வாங்குவதை மனது ஓரளவு ஏற்றுக்கொள்கிறது. என்றைக்கோ ஒருநாள் மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போகிறோம், நேரம் மிச்சமாகிறது, கொடுக்கிறோம். பக்கத்து ஊர்க்காரர் தினமும் போனால் மாதச் சலுகைச் சீட்டும் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் பைக்குக்கும் ஸ்கூட்டருக்கும் சுங்கம் கிடையாது.

ஊருக்கு நடுவே ஓடுகிற ஆற்றின் பாலம் அப்படியல்ல. காலையில் டவுனிலிருந்து பாளைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள், ஹைகிரவுண்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்கள், ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்க ஓடி வருகிறவர்கள், எல்லோருக்கும் அது வீட்டு நடை மாதிரி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நாலு தடவை கடந்தாக வேண்டும். அங்கே தலைக்கு ஒரு ரூபாய் வைத்தாலும், அது பயணச் செலவாக இல்லாமல் ஊரில் வாழ்வதற்கே கட்டுகிற வரியாகிவிடும். கார் வைத்திருப்பவருக்கும் கூடையில் பூ விற்கிறவருக்கும் அந்த ஒரு ரூபாய் ஒன்றாகாது. பாலத்தால் பயன் அடைகிறவர் அதைக் கடக்கிறவர் மட்டுமல்ல என்பதும் உண்டு. அக்கரை ஆட்கள் வந்து சாமான் வாங்குவதால் இக்கரைக் கடைக்காரருக்கும் லாபம், ஆனால் சுங்கம் கடக்கிறவர் தலையில் மட்டும் விழும்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். வரிப்பணத்தில் கட்டினால், அந்தப் பாலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத வள்ளியூர்க்காரரும் சங்கரன்கோவில்காரரும் சேர்ந்துதான் கொடுக்கிறார்கள். அரசாங்கத்திடம் பணம் சேரும்வரை காத்திருந்தால் பாலம் இருபது ஆண்டு தள்ளிப் போகலாம், சுங்கத்தை நம்பிக் கடன் வாங்கினால் இன்றே கட்டலாம். கொல்கத்தாவில் இரண்டு முறையும் ஒரே ஆற்றின் மேல் நிற்கின்றன: 1943இல் திறந்த ஹௌரா பாலத்தில் சுங்கம் இல்லை, 1992இல் திறந்த வித்யாசாகர் சேதுவில் உண்டு. மும்பையில் 2009இல் திறந்த பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தில் சுங்கமும் உண்டு, நடந்து போகிறவருக்கும் பைக்குக்கும் அனுமதியும் இல்லை. என்னைக் கேட்டால், மாற்றுவழி இருக்கிற இடத்தில் கூடுதல் வசதிக்குச் சுங்கம் வாங்கலாம். ஊரின் இரண்டு பாதியை இணைக்கிற ஒரே பாலத்தில் வாங்கக் கூடாது.

சிரஸ்தேதார் கொடுத்த பணம்

இப்போது 1840க்குத் திரும்புவோம். படகுத்துறைத் தகராறுகளுக்குப் பிறகு பாலம் கட்டியே ஆக வேண்டும் என்று கலெக்டர் கச்சேரியில் முடிவாயிற்று. மதிப்பீடு அரை லட்சம் ரூபாய் அளவுக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி நடந்த காலம். மக்களிடம் திரட்டுவது என்று பேச்சு. அந்தக் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்தவர் சுலோச்சன முதலியார். நம்மவர்கள் எட்டக்கூடிய பெரிய பதவிகளில் ஒன்று அது. ஊர் ஊராகப் போய்ப் பணம் வசூலிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

கச்சேரி ஆட்கள் 'நன்கொடை' கேட்டு வாசலில் வந்து நின்றால், அந்தக் காலத்துக் குடியானவரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பெயர்தான் நன்கொடை, கொடுக்கிறவருக்கு அது இன்னொரு வரி. அந்த வேலையைச் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. செலவைத் தானே ஏற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார். அவர் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்ததாக ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 1843இல் பாலம் திறந்தது. செலவை ஒருவரே ஏற்றதால், வாங்கிய கடனைச் சுங்கம் போட்டு அடைக்கிற தேவையே அங்கே எழவில்லை. மாதிரியாக வைத்த லண்டன் பாலத்தில் அந்த ஆண்டும் பென்னி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொடை மட்டும் எல்லா இடத்திலும் இப்படி முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊரில் வில்லியம் விக் என்ற வணிகர் 1754இல் இறக்கும்போது 1,000 பவுண்டு எழுதிவைத்தார். அது வட்டியோடு வளர்ந்து 10,000 ஆனதும் கிளிஃப்டன் பள்ளத்தாக்கின் மேல் சுங்கம் இல்லாத கல் பாலம் கட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். பணம் வளர்வதைவிடக் கட்டுமானச் செலவு வேகமாக வளர்ந்தது. கடைசியில் 1864இல் தொங்கு பாலமாகத்தான் அது திறந்தது, சுங்கத்தோடு. இன்றும் கார்கள் அங்கே கட்டணம் செலுத்தித்தான் போகின்றன. ஆகவே நம் பாலத்தில் நடந்தது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. நினைப்பும் பணமும் ஒரே கையில், ஒரே நேரத்தில் இருந்தன. கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தக் கை பின்வாங்கவில்லை.

கட்டிய பிறகும் செலவு நிற்பதில்லை

பாலத்தின் பெரிய பகை வண்டிகளின் எடையல்ல, தூணடியில் ஓடுகிற தண்ணீர். ஓடுகிற ஆற்றுக்குள் நின்று பாருங்கள், உங்கள் பாதத்தைச் சுற்றி மணல் கரைந்து கால் மெல்லப் புதையும். பாலத் தூணைச் சுற்றியும் தண்ணீர் அப்படியே சுழன்று மண்ணை அரித்தெடுக்கிறது. அரிப்பு அடித்தளத்துக்குக் கீழே போய்விட்டால், மேலே எத்தனை உறுதியான வளைவாக இருந்தாலும் பயனில்லை.

வாட்டர்லூ பாலம் அப்படித்தான் போயிற்று. தேம்ஸில் தண்ணீர் போகிற திசையில் அதற்கு அப்பால் இருந்த பழைய லண்டன் பாலம் நெருக்கமான தூண்களால் தண்ணீரைத் தடுத்து மெதுவாக்கிக்கொண்டிருந்தது. 1831இல் புதிய லண்டன் பாலம் வந்ததும் பழையதை இடித்தார்கள். தண்ணீரின் வேகம் கூடியது. வாட்டர்லூ தூண்களின் அடியில் அரிப்பும் கூடியது. 1924இல் பாலம் கண்ணுக்குத் தெரிய இறங்கிவிட்டது. 1934இல் இடிக்கத் தொடங்கினார்கள். இப்போது அங்கே நிற்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பெண் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்துக் கட்டிய கான்கிரீட் பாலம். எங்கோ ஒரு பாலத்தை எடுத்ததற்கு இன்னொரு பாலம் பலியாகும் என்பதை யார் எதிர்பார்த்திருப்பார்கள்? ஆற்றில் மணலை அள்ளினாலும் இதே விளைவுதான். பள்ளம் விழுந்த இடத்தை நிரப்ப ஆறு மேலேயிருந்து மணலை இழுத்துக்கொண்டு போகும், தூணடி வெறுமையாகும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக வழக்குப் போட்டவர்கள் குடிதண்ணீருக்காகவும் விவசாயத்துக்காகவும் போட்டார்கள். அது பாலங்களுக்கான வழக்கும்கூட.

நம் பாலமும் அடி வாங்கியிருக்கிறது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி சேதமடைந்து, 1871இல் சரிசெய்தார்கள். பிற்காலத்தில் போக்குவரத்துக்குத் தக்கபடி அகலப்படுத்தினார்கள். 1992 வெள்ளத்தைப் பார்த்தது. 2023 டிசம்பரில் குறுக்குத்துறை முருகன் கோயிலை மூடிக்கொண்டு, கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றபோதும் பார்த்தது. இப்போது அதன் பக்கத்திலேயே புதுப் பாலம் ஒன்றும் வந்துவிட்டது. முதலியாரின் கொடை கட்டுமானத்தோடு முடிந்தது. இன்று நடக்கிற பழுதுபார்ப்புக்கும், பூசுகிற ஒவ்வொரு சட்டிச் சாந்துக்கும் பணம் வரியிலிருந்துதான் வருகிறது. நீங்கள் வாங்குகிற சோப்பிலும் போடுகிற பெட்ரோலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த காசு அது.

அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "அப்பம் நாமளும் டோல் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம், நின்னு குடுக்கல, அவ்வளவுதான்" என்றான். வண்டி அப்போது வண்ணார்பேட்டை தாண்டி ஆற்றை நெருங்கிக்கொண்டிருந்தது. மேலே போகும்போது வளைவு தெரியாது, இறங்கித்தான் பார்க்க வேண்டும் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் கொக்கிரகுளம் பக்கம் படித்துறையில் இறங்கினோம். புதுப் பாலம் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டிருந்ததால் மறுபக்கம் போய் நின்றோம். அவன் விரல் விட்டு எண்ணினான். ஒரு வளைவின் நிழலில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.